ஆர்எக்ஸ்இசட் ரிச்சாக ஓடுகிறதா? கிளிப்பை விடுங்கள், நீடில் ஜெட்டைப் பாருங்கள்

த்ராட்டிலைக் கால்வாசி திருகும்போது, அதாவது கால் திருகலில், பொதபொதவென்று அடைத்துக்கொண்டிருந்த என் யமஹா ஆர்எக்ஸ்இசட் டூ ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள் இப்போது சுத்தமாக இழுக்கிறது. கலவையில் பெட்ரோல் அதிகமானால் ரிச், குறைந்தால் லீன். மாற்றிய சாமான் ஒன்றே ஒன்றுதான்: நீடில் ஜெட், அதாவது கார்ப்ரேட்டருக்குள் நீடில் என்ற ஊசி ஏறி இறங்கும் பித்தளைத் துளை. முழுத் திருகலுக்குப் பெட்ரோல் அளந்து விடும் மெயின் ஜெட் வேலை இன்னும் பாக்கி. ஆனாலும் இந்த ஒரு கட்டத்திலேயே நம் ஆட்கள் பாதிப் பேர் மாட்டிக்கொண்டு நிற்பதால் இதை முதலில் எழுதிவிடுகிறேன்.

அறிகுறியைச் சரியாகப் பிடிக்க வேண்டும். ஐட்லிங் பரவாயில்லை, முழுத் திருகலும் பரவாயில்லை. எட்டில் ஒன்று முதல் கால் வரைக்கும்தான் தொல்லை. ஒரு வெடி விட்டு ஒரு வெடி, நாலு ஸ்ட்ரோக் மாதிரி. கூட்டரசு நெடுஞ்சாலை மோட்டார் பாதையில் 50, 60-இல் சீராகப் போனால் இது அப்பட்டமாகத் தெரியும், ஏனென்றால் அந்த வேகத்தில் த்ராட்டில் அந்த இடத்தை விட்டு நகராது. கைப்பிடியில் டேப் ஒட்டி எட்டில் ஒன்று, கால், அரை, முக்கால் என்று கோடு போட்டுக்கொள்ளுங்கள். எந்தத் திருகலில் அடைக்கிறது என்று தெரியாமல் கார்ப்ரேட்டரைக் கழற்றுவது வீண் வேலை.

முதலில் தள்ளிவிட வேண்டியவை. பிளக்கில் உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம்; எண்ணெய்ப் பிசுக்கு என்றால் ஆட்டோலூப் (டூ ஸ்ட்ரோக் ஆயில் பம்ப்) பக்கம் பாருங்கள். வெள்ளைப் புகை நிற்காமல் வந்து கியர் ஆயிலும் குறைந்தால் அது கார்ப்ரேட்டரே அல்ல, கிளட்ச் பக்கத்து கிராங்க் ஆயில் சீல். மேக்னெட் பக்கத்து சீல் போனால் நேர் எதிர், காற்றை இழுத்து லீன் ஆகும். ஏர் ஃபில்டர் ஸ்பஞ்ச் எண்ணெயில் ஊறிக் கிடந்தாலும் இதே அடைப்புதான், கழுவிப் பிழிந்து பாருங்கள். கலவையை இன்ஜினுக்குள் ஒரு வழியாக மட்டும் விடும் ரீட் வால்வின் இதழ் நுனி உடைந்திருந்தால் கலவை திரும்பக் கார்ப்ரேட்டருக்குள் துப்பி, மறுபடி பெட்ரோலை ஏற்றிக்கொண்டு போகும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் இடைவெளி தெரியும்.

குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பக் கூடுதல் பெட்ரோல் விடும் சோக் பிளஞ்சரின் அடி ரப்பர் பலர் கவனிக்காத இடம். வட்டமாகப் பள்ளம் விழுந்து கெட்டியாகிவிட்டால், சோக்கை மூடியிருந்தாலும் பெட்ரோல் கசியும். இன்ஜின் சூடாக ஐட்லிங்கில் இருக்கும்போது சோக்கைத் தூக்குங்கள். நல்ல பிளஞ்சர் என்றால் இன்ஜின் உடனே தடுமாறும். பெரிய மாற்றம் இல்லையா, ஏற்கெனவே கசிகிறது. அடுத்து ஃப்ளோட், அதாவது கார்ப்ரேட்டரின் பெட்ரோல் பவுலில் மட்டத்தைக் காக்கும் மிதவை. ஓட்டத்திலேயே பெட்ரோலை மூடுங்கள். பவுலில் மட்டம் இறங்க இறங்க வண்டி தெளிந்து, பிறகு அணைந்தால், ஃப்ளோட் மட்டத்தையோ ஃப்ளோட் வால்வையோ பாருங்கள். ஆனால் ஒன்று: நீடில் ஜெட் தேய்ந்த வண்டியும் இந்தச் சோதனையில் கொஞ்சம் தெளியும். அதனால் ஃப்ளோட் உயரத்தை அளந்த பிறகே முடிவுக்கு வாருங்கள். அளக்கும்போது கார்ப்ரேட்டரைச் சாய்த்துப் பிடித்து, ஃப்ளோட் நாக்கு வால்வின் ஸ்பிரிங் ஊசியைத் தொடும் நிலையில் அளக்க வேண்டும். ஊசி அமுங்கிய நிலையில் அளந்தால் கணக்கு தப்பு.

இதெல்லாம் சரியாக இருந்தும் கால் திருகலில் அடைத்தால், பொமென் (மெக்கானிக்) கடையில் கிடைக்கும் வைத்தியம் இரண்டு. நீடிலைப் பிடித்திருக்கும் கிளிப்பை மேல் பள்ளத்துக்கு மாற்றி நீடிலை இறக்குவது ஒன்று. எண் குறைந்த, அதாவது சூடான என்ஜிகே பிளக்கைப் போட்டுக் கரியை மறைப்பது இன்னொன்று. இரண்டாவது சுத்தப் பித்தலாட்டம். முதலாவது ஏன் பலிக்காது என்பதுதான் விஷயம்.

நீடிலின் மேல் பகுதி நேரான உருளை. கூம்பு அதற்குக் கீழேதான் ஆரம்பிக்கும். கால் திருகல் வரை நீடில் ஜெட்டுக்குள் நிற்பது பெரும்பாலும் அந்த நேரான பகுதி. நீடிலை ஒரு பள்ளம் இறக்கினாலும் அங்கே விட்டம் மாறாது, இடைவெளியும் மாறாது. கிளிப் வேலை செய்வது கூம்பு வந்த பிறகு, அரைத் திருகலை ஒட்டி. கால் திருகல் அடைப்புக்காகக் கிளிப்பை மேலே கொண்டுபோனால், அடைப்பு அப்படியே இருக்கும், அரைத் திருகல் வீணாக லீன் ஆகும். டூ ஸ்ட்ரோக்கில் லீன் என்றால் பிஸ்டன் ஜேம், அதாவது சூட்டில் பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிவிடும்.

கார்ப்ரேட்டர் கம்பெனியான மிகுனியின் நீடில் ஜெட்டில் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். ஓ-0 (O-0) என்றால் துளை 2.600 மில்லிமீட்டர், பி-0 (P-0) என்றால் 2.650. எழுத்து ஒன்று கூடினால் 0.05, எண் ஒன்று கூடினால் 0.005. இப்போது கணக்கைப் பாருங்கள். உதாரணத்துக்கு 2.600 துளைக்குள் 2.51 நீடில் என்று வைத்துக்கொண்டால், பெட்ரோல் ஏறும் வளைய இடைவெளி 0.36 சதுர மில்லிமீட்டர். துளை தேய்ந்து 2.650 ஆனால் அதுவே 0.57. தேய்மானம் ஒரு மயிரிழை, பெட்ரோல் வழி ஒன்றரை மடங்குக்கு மேல். இதை ஐட்லிங்கைக் கவனிக்கும் பைலட் ஜெட்டையும் ஏர் ஸ்குரூவையும் வைத்துச் சமாளிக்கவே முடியாது.

தேய்வது வட்டமாகவும் அல்ல. இன்ஜின் உறிஞ்சும் ஒவ்வொரு துடிப்புக்கும் நீடில் இன்ஜின் பக்கம் இழுபட்டு பித்தளையை உரசும். லென்ஸ் வைத்து மேலிருந்து பார்த்தால் துளை முட்டை வடிவில், ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று தெரியும். பின் கேஜ் (துளையை அளக்கும் துல்லியமான கம்பி) கிடைத்தால் 0.01 படியில் அளந்துவிடலாம். துளைக்கும் பிட்டின் தண்டை வைத்து அளக்க நினைப்பவர்கள், அந்தத் தண்டை முதலில் மைக்ரோமீட்டரில் அளந்துகொள்ளுங்கள். 2.6 என்று அச்சடித்திருப்பது பெரும்பாலும் 2.6 இருக்காது. நீடிலையும் விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். படி தட்டினால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள்.

கழற்றும்போது மெயின் ஜெட்டையும் அதன் வாஷரையும் எடுத்துவிட்டு, கீழிருந்து மரக்குச்சியால் தள்ளினால் நீடில் ஜெட் ஸ்லைடு (நீடிலைத் தாங்கி ஏறி இறங்கும் உருளை) இருக்கும் துளை வழியாக மேலே வரும். ஸ்க்ரூ டிரைவரால் தள்ளாதீர்கள், விளிம்பு பிசிறடிக்கும். புதியதைப் போடும்போது அதன் பக்கவாட்டுப் பள்ளம் பாடியில் உள்ள சின்ன பின்னுக்கு நேராக உட்கார வேண்டும். அந்த வாஷரைத் தொலைத்துவிட்டு மெயின் ஜெட்டை மட்டும் முறுக்கினால் நீடில் ஜெட் இறுகாமல் ஆடும். பிறகு ஏர் ஸ்குரூவை ஒன்றரைச் சுற்றில் வைத்து மறுபடி ட்யூன் செய்யுங்கள். இந்தக் கார்ப்ரேட்டரில் அது காற்று ஸ்குரூ: உள்ளே முறுக்கினால் ரிச், வெளியே எடுத்தால் லீன்.

சாமான் வாங்குவது தனிப் புலம்பல். இணையத்தில் பத்துப் பதினைந்து வெள்ளிக்குக் கிடைக்கும் ரிப்பேர் கிட்டில் வரும் நீடில் ஜெட்டில் எழுத்தே இருக்காது. இருந்தாலும் நம்ப முடியாது. புதியதே பழையதைவிடப் பெரிதாக இருந்தால் என்ன செய்வது? சதுரத்துக்குள் சதுரம் போட்ட மிகுனி முத்திரையைப் பாருங்கள், அதையும் போலி அடிக்கிறார்கள் என்பதால் வாங்கியதும் அளந்தும் பாருங்கள். கோலாலம்பூரில் செந்தூல், கெப்போங் பக்கம் பழைய மோட்டார் கடைகளில் அலமாரிக்கடியில் பழைய சரக்கு கிடந்தால் விலை பேசாமல் எடுத்துவிடலாம். மெயின் ஜெட் வாங்கும்போது இன்னொரு குழப்பம்: மிகுனி அறுகோண ஜெட்டின் எண் பாயும் அளவைக் குறிப்பது, இன்னொரு கம்பெனியான கெய்ஹினின் எண் துளையின் விட்டம். இரண்டிலும் 100 என்றிருந்தால் ஒன்றல்ல.

இனி மெயின் ஜெட். இதற்குச் சமதளம் போதாது, காராக் நெடுஞ்சாலையில் கோம்பாக்கிலிருந்து கெந்திங் செம்பா வரை ஏறும் ஏற்றம்தான் சரி. முழுத் திருகலில் ஏற்றி, ஓரம் கட்ட இடம் உள்ள இடத்தில் கிளட்சைப் பிடித்துக்கொண்டே இன்ஜினை அணைத்து பிளக்கைக் கழற்ற வேண்டும். பார்க்க வேண்டியது நுனியை அல்ல, பீங்கானின் அடிப்பகுதியை. பெரிய ஜெட்டிலிருந்து ஒவ்வொரு அளவாகத்தான் இறங்கப் போகிறேன். சின்னதிலிருந்து ஏறுவது பிஸ்டனோடு சூதாட்டம். அங்கிருந்து இன்னும் மேலே கெந்திங் உச்சிக்குப் போகிறவர்கள் கவனிக்க: 1,800 மீட்டரில் காற்றின் அடர்த்தி ஆறில் ஒரு பங்கு குறைவதால் எந்த வண்டியும் கொஞ்சம் ரிச்சாகத்தான் ஓடும். அங்கே நின்று ஜெட்டை மாற்றினால் கோலாலம்பூருக்கு இறங்கியதும் லீன். நடுவில் இன்னொரு மிகுனி விஎம்26 கார்ப்ரேட்டர் பாடி கைக்கு வந்திருக்கிறது. ஸ்லைடு தொளதொளவென்று ஆடுகிறது, ஐட்லிங் நிற்குமா என்பதே சந்தேகம். நீடில் ஜெட்டில் மட்டும் தேய்மானமே இல்லை.