நெருப்புப் பக்கத்து இடம்

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில், லயம் எனும் தொழிலாளர் வரிசை வீட்டு வாசலில் தகர டப்பாவைத் தட்டிப் பழகிய பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் மனதில் ஒரு தப்புக்காரர், அதாவது தப்பு எனும் பறையை அடிப்பவர், இருப்பார். மாசியில் ரதி, மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்து நடக்கும்போது அவர் தோளைச் சாய்த்து அடிப்பதைக் கண்கொட்டாமல் பார்த்திருப்பார்கள். பத்துப் பதினைந்து வருஷம் கழித்து அதே மனுஷனுக்குப் பக்கத்தில் தப்பை மாட்டிக்கொண்டு நிற்கவேண்டி வரும். முன்பு பெரட்டு எனும் காலை வேலைக்கூட்டத்துக்கு ஆள் கூப்பிடவும் சாவு வீட்டுக்கும் என்று ஒதுக்கிவைத்த வாத்தியத்தை இன்று அட்டன், மஸ்கெலியாப் பக்கத்து இளவட்டங்கள் மேடையிலும் அடிக்கிறார்கள். ஆனால் மேடையில் கைதட்டு வாங்கிய அடி பெரியவர்கள் செட்டில் அப்படியே செல்லாது.

முதலில் ஏமாற்றுவது கண். எதிரே நின்று பார்த்துப் பழகியவனுக்கு எல்லாம் கண்ணாடியில் பார்த்ததுபோல இடம் வலமாகியிருக்கும். நீளமான மூங்கில் சிம்பு இடக்கையில், குட்டையான அடிக்குச்சி வலக்கையில் இருக்கவேண்டும். மாற்றிப் பிடித்தவனும் நன்றாக அடிக்கலாம், குற்றமில்லை. வரிசையில் நிற்கும்போதுதான் முழங்கை பக்கத்து ஆளை இடிக்கும். அப்படிப்பட்டவன் வரிசையின் கடைசியில் நிற்பது நல்லது.

காதும் ஏமாற்றும், இதைச் சொன்னால் பலர் நம்பமாட்டார்கள். பக்கத்துத் தோட்டத்திலிருந்து கேட்டுப் பழகியவன் அடியில் அங்கங்கே ஒரு அடி கூடுதலாக விழும். அது மலையில் பட்டுத் திரும்பிய சத்தம். எதிர்ச்சரிவு 170 மீற்றர் தள்ளியிருந்தால் எதிரொலி வந்துசேர ஒரு வினாடி ஆகும். பாதித் தூரமென்றால் அரை வினாடி. பெரியவர் அந்த இடத்தைச் சும்மா விட்டிருப்பார். ஆடுகிறவர் காலைத் தூக்குவது அந்தச் சும்மாவில்தான். அதை நிரப்பினால் ரதியின் கால் தடுமாறும்.

இனி நெருப்பு. புதிதாகச் சேர்ந்தவனின் உண்மையான உத்தியோகம் அதுதான். மாசிப் பனி மச்சையே துளைக்கும் என்பார்கள்; தப்புத் தோல் எம்மாத்திரம்? நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அந்த மட்டத்தில் மூட்டம் இறங்கினால் தோல் ஈரத்தை இழுத்துத் தளர்ந்து, ‘டங்’ என்றது ‘தொம்’ என்று போய்விடும். அரைமணிக்கு ஒரு தடவை காய்ச்சவேண்டி வரும். சமவெளி ஊர்களில் வைக்கோலைக் கொளுத்துவார்கள். மேலே வைக்கோலுக்கு எங்கே போவது? தேயிலைச் செடியின் கிளைகளைக் கவ்வாத்து வெட்டிய மலையில் பொறுக்கிக் காயவைத்த மிலாறு எனும் குச்சிதான் கைகொடுக்கும். சுள்ளென்று பிடித்து, நல்ல கங்காக நிற்கும். யூக்கலிப்டஸ் இலையைப் போடக்கூடாது. அதிலுள்ள எண்ணெயால் குப்பென்று எழுந்து தோலை நக்கிவிடும். மண்ணெண்ணெயும் வேண்டாம், கரிப்பிசுக்கு ஒட்டும்.

கங்கிலிருந்து ஒன்றரைச் சாண் தள்ளி, தோல் நெருப்பைப் பார்க்கப் பிடித்து, சக்கரம்போலச் சுற்றிக்கொண்டே இருக்கவேண்டும். ஓரிடத்தில் நின்றால் விளிம்பில் உள்ள புளியங்கொட்டைப் பசை வெடித்துத் தோல் கிளம்பும். அன்றைய கூத்துக்கு அந்தத் தப்பு முடிந்தது. உள்ளங்கை தாங்குகிற சூடு போதும். குளிரில் எடுத்த முதல் ஐந்து நிமிஷத்தில் சத்தம் கொஞ்சம் இறங்கும் என்பதால் வேண்டிய மட்டத்துக்குச் சற்று மேலே நிறுத்தவேண்டும். பெரியவர் தப்பை முதலில் காய்ச்சி, உங்களுடையதை அதற்கு ஒரு மயிரிழை கீழே வைத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் தோல் போட்ட தப்பைக் கொண்டுபோவது சுலபந்தான், நெருப்பே தேவையில்லை. ஆனால் அவருடைய மாட்டுத்தோல் இறங்க இறங்க உங்களுடையது அப்படியே நிற்கும். நடுச்சாமத்தில் இரண்டும் இரண்டு ஊர்போலக் கேட்கும்.

அடிக்கத் தொடங்கியதும் கை தானாக ஓடப்பார்க்கும். அவரைப் பார்த்துக் கற்ற உருட்டையெல்லாம், அந்த விரைவான தொடர் அடிகளையெல்லாம், அவர் காதுபட அடித்துக்காட்டும் ஆசை யாருக்குத்தான் இல்லை! அதே உருட்டை அவரும் அடிப்பார். இரண்டு உருட்டு மோதினால் எதுவும் விளங்காது. உங்களுக்கு அடிப்படை அடி மட்டும். வேகத்தையும் கூட்டாதீர்கள். எமன் வரவுக்கு ஏற்றவேண்டிய வேகத்தை மன்மதன் வரும்போதே செலவழித்துவிட்டால் பிறகு ஏறுவதற்கு இடமிருக்காது. அடி மாற்றப்போகும் பெரியவர் வாயால் சொல்லமாட்டார். தாடை லேசாக உயரும், அல்லது சிம்பு ஒரு கணம் தோலை விட்டு எழும்பும். குச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தால் தாடையைத் தவறவிடுவீர்கள்.

சாமி அடிக்குள் சாவு வீட்டு அடி ஒரு துண்டுகூட நுழையக்கூடாது. பிழைத்தால் அந்த இடத்திலேயே கூத்து நிற்கும், கோயில் கமிட்டி வரை போகும்.

இரண்டு மணிக்கு மேல் அவர் மணிக்கட்டு சோரும். அடிகள் குறையும், முக்கியமானவை மட்டும் விழும். “மாமா, கொஞ்சம் உட்காருங்க” என்று எல்லார் முன்னும் சொல்லிவிடாதீர்கள். அடிக்குச்சியைக் கொஞ்சம் அழுத்தி வைத்தால் போதும். விட்ட அடிகள் கேட்பவருக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும்.

விடிந்ததும் தப்பைச் சூட்டோடு சாக்கில் சுற்றக்கூடாது. குளிரவிட்டு, காய்ந்த துணியில் சுற்றி, அடுப்படியிலிருந்து தள்ளிச் சுவரில் மாட்டுங்கள். சிம்பு பிளந்திருந்தால் அன்றைக்கே வேறு மூங்கில் சீவவேண்டும். மிலாறையும் வெயிலில் பரப்புங்கள், ராத்திரிக்கு வேண்டும்.