ஒன்றும் நடக்காத ஆண்டுக்கு ஓர் அசனம்

எங்கள் குடும்பத்தில், உவரிக் கடற்கரைக் கோவிலில் இருக்கும் புனித அந்தோணியாருக்கு நேர்ச்சை என்றால் அதற்கு முன்னால் ஒரு காய்ச்சலோ, ஒரு அறுவை சிகிச்சையோ, நின்றுபோன ஒரு கல்யாணமோ கட்டாயம் இருந்திருக்கும். அதனால், பொங்கல் கழிந்து வரும் செவ்வாய்க்கிழமை உவரியில் அசனம், அதாவது வருகிறவர்களுக்கெல்லாம் பந்தி வைத்துப் பரிமாறும் நேர்ச்சைச் சாப்பாடு, கொடுக்கப் போவதாக அம்மா தொலைபேசியில் சொன்னபோது, யாருக்கு என்னவோ என்றுதான் நான் முதலில் பதறினேன். "யாருக்கும் ஒண்ணுமில்ல. போன வருஷம் முழுக்க நம்ம வீட்டுல ஒண்ணுமே நடக்கல்லல்லா, அதுக்குத்தான்" என்றார்.

நடந்தவற்றை அறிந்தவர்களுக்குத்தான் இந்தப் பதிலின் கனம் புரியும். 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் காயல்பட்டினத்தில் மட்டும் 95 சென்டிமீட்டர் மழை கொட்டித் தாமிரபரணி கரை மீறியபோது, நெல்லையில் ஆற்றோரம் இருக்கும் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. அம்மாவும் அப்பாவும் மொட்டை மாடியில் இரண்டு நாள் இருந்தார்கள். அந்த இரண்டு நாளும் அவர்கள் உண்டது யாரோ ஒருவர் படகிலிருந்து எறிந்த தயிர்ச்சாதப் பொட்டலங்களைத்தான். அதற்கு அடுத்த ஆண்டு அப்பாவுக்கு இதய அறுவை சிகிச்சை நடந்தது. அதன் பின் வந்த ஆண்டுதான் அம்மா சொன்ன 'ஒன்றும் நடக்காத' ஆண்டு.

அந்த ஆண்டு முழுவதும் உலை வைக்கும்போதெல்லாம் அவர் பிடியரிசி எடுத்து வைத்திருக்கிறார். எங்கள் பாட்டி காலத்துப் பழக்கம் அது. ஒரு கைப்பிடி ஐம்பது கிராம் என்று வைத்தாலும், நாளுக்கு இரண்டு உலை என்ற கணக்கில் ஆண்டு முடிவில் முப்பத்தாறு கிலோ வருகிறது. வண்டு விழாமலிருக்க வேப்பிலையும் வற்றல் மிளகாயும் போட்டு மூன்று தகர டின்களில் மூடி வைத்திருந்ததை, நாங்கள் சென்னையிலிருந்து வந்து சேர்ந்த அன்றுதான் பார்த்தோம். கடையில் நல்ல பொன்னி அரிசி ஒரு மூட்டை வாங்கிக் கொடுத்துவிடலாமே என்று நான் சொன்னதற்கு அவர் பதிலே சொல்லவில்லை.

உறவினர் இருபத்திரண்டு பேருடன் இரண்டு வேன்களில் விடியுமுன் புறப்பட்டு, மூலைக்கரைப்பட்டி, இட்டமொழி, திசையன்விளை வழியாகப் போனோம். இட்டமொழிக்கு அருகே ஒரு வேனின் டயர் பஞ்சராகி ஒரு மணி நேரம் சாலையோரம் நின்றதையும், அந்த ஒரு மணி நேரமும் என் மாமா வேன்காரரைத் திட்டியதையும் விட்டுவிடுகிறேன். உவரியில் இறங்கியதும் ஒருவர் எங்களைப் பிடித்துக்கொண்டார். அடுப்பு வைக்க நிழலான இடம், விறகு, தண்ணீர் எல்லாம் தாமே ஏற்பாடு செய்வதாகக் கூறி மூவாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு, கடற்காற்று மணலை வாரி இறைக்கும் ஒரு வெட்டவெளியைக் காட்டிவிட்டு மறைந்தார். அவர் கோவிலைச் சேர்ந்தவர் அல்லர் என்பதும், அடுப்பு மூட்ட வேறு நல்ல இடம் இருந்தது என்பதும் பிறகுதான் தெரிந்தன. மெழுகுவர்த்தி விற்பவர்களோ ஒரு கட்டு வாங்கினால் அடுத்தவர் இரண்டு கட்டோடு வந்து நிற்கிறார்கள். அந்தோணியாரைப் பார்க்கும் முன்பே எனக்குப் பொறுமை போய்விட்டது.

நாங்கள் அழைத்துப் போயிருந்த சமையல் அண்ணாச்சி டின்களைத் திறந்து ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் பரப்பிப் பார்த்ததும் முகம் சுளித்தார். ரேஷன் புழுங்கல், பொன்னி, ஞாயிற்றுக்கிழமைகளில் ஆப்பத்துக்கு ஊறப்போட்ட பச்சரிசி என்று அன்றன்றைக்கு எது உலைக்குப் போனதோ அதெல்லாம் அதில் கலந்திருந்தது. "அக்கா, இத வடிச்சா ஒரு பாதி குழஞ்சிரும், ஒரு பாதி விதையா நிக்கும்" என்றார். பிறகு சற்று யோசித்து, குழைந்தால்தானே அதற்கு ருசி என்று அவரே கூட்டாஞ்சோறு ஆக்க முடிவு செய்தார். துவரம்பருப்பும் முருங்கைக்கீரையும் கத்தரிக்காயும் வாழைக்காயும் வாங்க ஆள் திசையன்விளைக்குத் திரும்ப ஓடியது.

அது வேகும் நேரத்தில் நாங்கள் சந்நிதிக்குப் போனோம். செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தைப் பற்றி உவரிக்குப் போனவர்களிடம் சொல்ல வேண்டியதில்லை. வரிசை என்று ஒன்று தொடங்குகிறது, பீடத்துக்கு அருகே போனதும் அது வரிசையாக இருப்பதில்லை. கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண்ணை முழங்கையால் தள்ளிவிட்டு ஒருவர் முன்னே போய், உருக்கமாகக் கண்ணை மூடிக்கொண்டு செபித்தார். அவரைப் பற்றி மனத்துக்குள் கடுமையாக எண்ணிக்கொண்டிருந்த என் செபம் அவருடையதைவிட மேலானதாக இருந்திருக்காது.

அம்மா உப்பும் மிளகும் வைத்துவிட்டு, குழந்தை இயேசுவை ஏந்தி நின்ற சொரூபத்தின் பாதத்தில் கை வைத்தார். அவர் ஏதாவது கேட்பார் என்று நினைத்து நான் அருகே குனிந்தேன். அவர் எதையும் கேட்கவில்லை. ஒப்புக் கொடுக்கிறவர்போல மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டே போனார். மோட்டார் பழுதாகவில்லை, மழைக்குத் தண்ணீர் வாசற்படி ஏறவில்லை, அப்பா மாடிப்படியைப் பிடிக்காமல் ஏறினார், சின்னவனுக்குப் பல் முளைத்தது, பெரியவள் பாஸாகிவிட்டாள், கேஸ் தீர்ந்த அன்றே அடுத்த சிலிண்டர் வந்தது. பின்னாலிருந்து ஒருவர் "சீக்கிரம், சீக்கிரம்" என்று என் தோளைத் தட்டினார். அம்மா அவசரப்படவில்லை. "இம்புட்டும் நீர் தந்ததுதான், ஐயா" என்று முடித்துக் கண்ணைத் துடைத்தபோது, அதே ஆண்டில் அதே வீட்டின் மாதத் தவணைகளைத் தவிர வேறெதையும் எண்ணிப் பார்க்காத எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. என்ன செபிப்பது என்று தெரியாமல் நானும் அந்தப் பாதத்தில் கையை வைத்தபடி நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. தோளைத் தட்டியவர் என்னைச் சுற்றிக்கொண்டு போய்விட்டிருந்தார்.

1231 ஜூன் 13 அன்று இத்தாலியின் பதுவையில் இறந்து, ஓராண்டு நிறைவதற்குள் புனிதராக அறிவிக்கப்பட்டவர் அந்தோணியார். நீரில் மூழ்கிய பிள்ளை பிழைத்தால் அதன் எடைக்குத் தானியம் ஏழைகளுக்குக் கொடுப்பதாக ஒரு தாய் அவரிடம் நேர்ந்துகொண்டாள் என்றும், அந்தோணியார் அப்பம் என்ற வழக்கம் அங்கிருந்து வந்தது என்றும் மரபு. ஆக, நம் நேர்ச்சையைப் பெற்றுக்கொள்கிற கை அந்தோணியாருடையது அன்று, பசித்தவருடையது. இதை மறைக்கல்வி வகுப்பில் படித்து மதிப்பெண் வாங்கியவன்தான் நான். ஆனாலும், திரும்பி வந்ததும், பாக்குமட்டைத் தட்டுகளை எடுத்து முதல் பந்தியில் எங்கள் சித்தப்பா, அத்தை, மாமா, பிள்ளைகள் என்று இருபத்திரண்டு பேரையும் உட்கார வைத்தேன். பசியோடு வந்தவர்கள் பாவம், அவர்கள் சாப்பிட்டு முடித்தால் நிம்மதியாகப் பரிமாறலாம் என்பது என் கணக்கு.

அம்மா கரண்டியை அண்டாவிலேயே விட்டுவிட்டு நின்றார். சுற்றிலும் கையில் தூக்குவாளியோடும் வெறுங்கையோடும் நின்றவர்களைப் பார்த்தார். "நாம விருந்தாளி இல்லய்யா, வீட்டுக்காரங்க. வீட்டுக்காரங்க கடைசியிலதான் உக்காரணும்" என்று அவர் சொன்னதும் அத்தைதான் முதலில் எழுந்தார். மாமா முணுமுணுத்துக்கொண்டே எழுந்தார். ஏழைகளையும் ஊனமுற்றோரையும் பார்வையற்றோரையும் விருந்துக்கு அழைக்கும்படி ஆண்டவர் சொன்ன லூக்கா நற்செய்திப் பகுதியை நான் கோவிலில் வாசகனாகப் பலமுறை வாசித்திருக்கிறேன், உரத்த குரலில், திருத்தமான உச்சரிப்போடு.

மூன்றாம் பந்தியில் ஒரு மூதாட்டி நாலு வாய் உண்டுவிட்டு மீதியை முந்தானையால் மூடிக்கொண்டு எழுந்தார். "இங்கேயே சாப்பிடுங்க பாட்டி, வீணாக்காதீங்க" என்று நான் சொன்னேன். சொன்ன தொனி சரியில்லை. அவர் ஒன்றும் பேசாமல் மதில் ஓரத்தைக் கை காட்டினார். அங்கே நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் முழங்காலைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அவருடைய மகன். கூட்டத்துக்குள் வரமாட்டார். மனநலம் குன்றிய மகனோடு அந்தத் தாய் கோவில் வளாகத்திலேயே நாள்கணக்கில் தங்கியிருக்கிறார்.

நான் புதிதாக ஒரு தட்டு நிறைய வைத்து எடுத்துக்கொண்டு அவருடன் போனேன். மகன் ஒரு வாய் எடுத்து வைத்துவிட்டு, முதல்முறையாக என்னைத் திரும்பிப் பார்த்து, "உப்பு இல்ல" என்றார். அவர் சொன்னது உண்மை. இரண்டாவது அண்டாவுக்கு உப்புப் போடச் சொல்லிவிட்டு அண்ணாச்சி தேநீர் குடிக்கப் போயிருந்தார். தலையாட்டிய நான் மறந்துபோனேன். எங்களிடம் மிச்சமிருந்த கல்லுப்புப் பாக்கெட்டை முழுவதுமாக அந்தோணியாரின் காலடியில் வைத்துவிட்டு வந்திருந்தோம். அதுவரை எண்பது பேராவது அந்தச் சோற்றைச் சாப்பிட்டிருப்பார்கள், ஒருவரும் குறை சொல்லவில்லை. நான் கடைக்கு ஓடி உப்பு வாங்கி வந்து, வெந்நீரில் கரைத்து அண்டாவில் ஊற்றிக் கிண்டிவிட்டு, அவருக்கு வேறு தட்டு கொண்டுபோனேன். அவர் அதையும் சரிபார்த்துவிட்டுத்தான் சாப்பிட்டார்.

அதற்குள் அம்மா தம் தட்டை எடுத்துக்கொண்டு அங்கே வந்து அந்த மூதாட்டிக்கு அருகே மணலில் உட்கார்ந்திருந்தார். "என்ன நேர்ச்சைம்மா? புள்ளைக்குச் சுகமாச்சா?" என்று மூதாட்டி கேட்டார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அந்த மகனை வைத்துக்கொண்டு, எங்கள் வீட்டில் ஓராண்டு ஒன்றும் நடக்கவில்லை, அதற்காக வந்தோம் என்று எப்படிச் சொல்வது? ஏதாவது பொதுவாகச் சொல்லி மழுப்பிவிட நான் வாயெடுப்பதற்குள் அம்மா உள்ளதை உள்ளபடியே சொல்லிவிட்டார். மாடியில் இருந்த இரண்டு நாளையும், எறிந்த பொட்டலத்தையும், அப்பாவின் நெஞ்சில் போட்ட தையலையும், அதன் பிறகு வந்த சும்மா இருந்த ஆண்டையும்.

மூதாட்டி சோற்றைப் பிசைந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். "அது பெரிய வரம்லா" என்றார். பிறகு, தம் மகன் நேற்று இரவு நாலு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கினான் என்றும், அதற்காக இன்று காலையில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்ததாகவும் சொன்னார்.

வேன்காரர் மூன்று முறை ஹாரன் அடித்தார். மாமா கையை ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டார். கழுவிக் கவிழ்த்த மூன்று டின்களும் வண்டியில் ஏறிவிட்டன. அம்மா அந்த மூதாட்டியின் கையைப் பிடித்தபடி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார், எழுந்திருக்கவில்லை. நான் வேன்காரரிடம் போய், இன்னும் அரை மணி நேரம் ஆகும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.