மின்பொறியியல் ஆராய்ச்சிக்கு வர நினைப்போர் கணிதத்தை எங்கே வைக்க வேண்டும்?

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் மின்பொறியியல் ஆய்வுப் பட்டம் முடித்து, இன்று இதே நகரில் உதவிப் பேராசிரியராக இருக்கும் என்னிடம், தமிழ்நாட்டுக் கல்லூரிகளிலிருந்து வரும் தம்பி தங்கைகள் பெரும்பாலும் கேட் (GATE) என்னும் தேசிய நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணைப் பற்றியே விசாரிக்கிறார்கள். மூன்று மணி நேரத் தேர்வின் 100 மதிப்பெண்களில் பொதுத் திறனுக்கு 15, பொறியியல் கணிதத்துக்கு 13, மின்பொறியியலுக்கு 72. பதின்மூன்றுதானே என்று கணிதத்தைக் கடைசி வாரங்களுக்குத் தள்ளுவது பலரது வழக்கம்; ஆய்வுப் பட்டச் சேர்க்கையைப் பொறுத்தவரை அது தவறான கணக்கு. கேட் மதிப்பெண் நேர்காணலுக்கு அழைப்பு வாங்கித் தரும், அவ்வளவே.

நேர்காணலில் உங்களுக்குப் பிடித்த பாடம் எது என்று கேட்டு, அங்கிருந்தே தொடங்குவார்கள். நான் மின் இயந்திரங்கள் என்றேன். சுமையில்லாத மின்மாற்றியை, மின்னழுத்தம் சுழியைக் கடக்கும் கணத்தில் இணைத்தால் ஏன் மிகப் பெரிய மின்னோட்டம் பாய்கிறது என்று கேட்டார்கள். காந்தப் பாயம் மின்னழுத்தத்தின் தொகையீடு என்பதையும், சுழியிலிருந்து தொடங்கும் அந்தப் பாயம் அரைச் சுற்றில் வழக்கமான உச்சத்தைப் போல் ஏறத்தாழ இரு மடங்காக உயர்வதையும், அப்போது இரும்பு உள்ளகம் அதற்கு மேல் எளிதில் காந்தமாகாத அளவுக்குத் தெவிட்டி, காந்தமாக்கும் மின்னோட்டம் பன்மடங்காவதையும் கரும்பலகையில் வரைந்து காட்ட வேண்டியிருந்தது. உள்ளகத்தில் ஏற்கெனவே எச்சக் காந்தம் இருந்தால் என்ன ஆகும் என்பது அடுத்த கேள்வி. குறுவினாக்களை மட்டுமே பழகியவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுமாறுகிறார்கள். அதனால் பழைய வினாத்தாள்களைப் போட்டுப் பார்க்கும்போதே, விடை வந்ததும் நிறுத்தாமல், ஒரு நிபந்தனையை மாற்றி மீண்டும் எழுதிப் பாருங்கள். நேரியல் இயற்கணிதம், வகைக்கெழுச் சமன்பாடுகள், நிகழ்தகவு ஆகிய மூன்றையும் முதலிலேயே முடித்துவிடுவது நல்லது. கட்டுப்பாட்டியலும் சைகைச் செயலாக்கமும் அவற்றின் மேல்தான் நிற்கின்றன.

வருமானத்தைப் பற்றி வீட்டில் கட்டாயம் கேட்பார்கள். 2023 ஜனவரி முதல் மத்திய அரசின் இளநிலை ஆய்வு உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய், முதுநிலைக்கு 42,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. ஐஐடிகளில் முதல்நிலை உதவிப் பேராசிரியர் பணிக்கு முனைவர் பட்டத்துக்குப் பின் பொதுவாக மூன்று ஆண்டு அனுபவம் எதிர்பார்க்கப்படுவதால், நிலையான ஊதியம் முப்பது வயதை ஒட்டியே வரும் என்பதை முன்பே சொல்லிவிடுங்கள்.

நெறியாளரைத் தேர்ந்தெடுக்கும் முன், அவரிடம் முடித்தவர்களின் ஆய்வேடுகளில் இரண்டையாவது புரட்டிப் பாருங்கள். அவருடைய இப்போதைய மாணவர்களிடம், வாரத்துக்கு எத்தனை முறை அவரைச் சந்திக்க முடிகிறது என்றும் கேட்டுவிடுங்கள்.