எக்ஸ்எல்லுக்கு இழுவை வேணும்னா மொதல்ல கரிய எடுங்க

ஏர்வாடி, கீழக்கரை, உச்சிப்புளி, மண்டபம்னு நம்ம கடலோரம் பூரா இன்னைக்கும் டூ ஸ்ட்ரோக் டிவிஎஸ் எக்ஸ்எல் சூப்பர் ஓடிக்கிட்டுதான் இருக்கு. கம்பெனிக்காரங்க அத நிறுத்திட்டு ஃபோர் ஸ்ட்ரோக் எக்ஸ்எல் 100 கொண்டு வந்து வருஷக்கணக்காச்சு, ஆனாலும் பின்னாடி ஐஸ் பொட்டி முன்னாடி கூடைன்னு வச்சு மீன் ஏத்துறவங்க பழைய வண்டிய விடுறதா இல்ல, ஏன்னா ரிப்பேர் ஆனா ரோட்டோரத்துலயே ஒரு பிளக் ஸ்பேனர வச்சு பாத்துக்கலாம். அவங்க என்ட்ட கேக்குறது ஒரே கேள்விதான், வண்டிக்கு பவர் ஏத்தணும் என்ன பண்ணலாம்?

பவர்னு சொல்றாங்களே, அவங்களுக்கு வேண்டியது இழுவை. இது ரெண்டும் ஒண்ணு இல்ல, இத மொதல்ல புரிஞ்சுக்கணும். எக்ஸ்எல் சூப்பர் 69.9 சிசி, 46 மில்லி போர் (சிலிண்டர் குறுக்களவு), 42 மில்லி ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி எறங்குற தூரம்), 5000 ஆர்பிஎம்ல 3.5 பிஎச்பி, டார்க், அதான் இழுவை, 3750லயே 5 நியூட்டன் மீட்டர் வந்துரும். கியர் கெடையாது, தானா பிடிக்கிற கிளச், ஒரே ரேஷியோ. இப்ப வீடியோல காட்டுறானுங்களே, எரிஞ்ச கேஸ் வெளிய போற எக்ஸாஸ்ட் போர்ட்ட மேல ஏத்தி வெட்டுறது, வயிறு வீங்குன மாதிரி எக்ஸ்பான்ஷன் சேம்பர்னு ஒரு சைலன்சர் மாட்டுறது, அதெல்லாம் எஞ்சின 8000, 9000ன்னு சுத்த விட்டு மேல பவர் எடுக்குற வேல. கியர் இருக்குற வண்டின்னா கியர மாத்தி மாத்தி அந்த ரேஞ்சுக்குள்ளயே வச்சு ஓட்டலாம், நம்ம வண்டில அந்த ஸ்பீடுக்கு போறதுக்கு முன்னாடியே கீழ இழுவை செத்துப் போயிரும். போர்ட்ட மேல வெட்டுனா பிஸ்டன் கீழ எறங்கும்போது அது சீக்கிரமே தொறந்துக்கும், எரிஞ்ச கேஸ் முழுசா தள்ளி முடிக்கிறதுக்குள்ள வெளிய ஓடிரும், கம்ப்ரஷனும் லேட்டாத்தான் ஆரம்பிக்கும். ரெண்டு பொட்டி மீனோட பாம்பன் பாலம் ஏற இது ஆகவே ஆகாது.

அதுவும் மேக்கேருந்து வர்ற கச்சான் காத்து வீசுற மாசத்துல பாத்தீங்கன்னா ராமேஸ்வரத்துல லோடு ஏத்தி மண்டபம் பக்கம் வர்றவங்களுக்கு காத்து மூஞ்சில அடிக்கும், பாலம் வேற நடுவுல மேடு. எங்க மாமா ஒருத்தரு அப்புடித்தான் வந்து நின்னாரு, "மாப்ள, பாலத்துல ஏறயில வண்டி தெணறுது, எறங்கி தள்ள வேண்டியதாருக்கு"ன்னு. ஏற்கனவே ஒரு பட்டறைல சைலன்சர் உள்ள இருக்குற தட்ட வெட்டி எடுத்துட்டு "இனி பறக்கும்ணே"ன்னு அனுப்பிருக்காங்க, சத்தம்தான் பறந்துச்சு. டூ ஸ்ட்ரோக்குல சைலன்சர் வெறும் சத்தத்த கொறைக்கிற டப்பா இல்ல, போர்ட் வழியா வெளிய ஓடப் பாக்குற புது பெட்ரோல் கேஸ அதுலேருந்து திரும்பி வர்ற அழுத்த அலைதான் உள்ள தள்ளி விடும், அத வெட்டுனா பெட்ரோல் நெறைய எரியாமலே ரோட்டுக்கு போகும். எவன் சொன்னாலும் அத வெட்டாதீங்க, எனக்கு இதுல ரொம்ப கோவம் வரும்.

நான் என்ன பண்ணுவேன்னா மொதல்ல போன பவர திருப்பி எடுப்பேன். ஓடுன வண்டில, ஆயில் எரிஞ்சு படியிற கரி தின்ன பவரே கணிசமா இருக்கும், அது திரும்புனாலே ஓட்டுறவரு முகம் மாறிரும். சைலன்சர கழட்டி போர்ட்டுக்குள்ள டார்ச் அடிச்சு பாருங்க, மேல் விளிம்புலயும் ரெண்டு ஓரத்துலயும் கரி கெட்டியா, பளபளன்னு, நகத்தால கீறுனா கூட வராத மாதிரி ஒட்டிருக்கும், அகலமா இருக்க வேண்டிய வழி சின்னதா சுருங்கி கெடக்கும். ஹெட், பேரல் (சிலிண்டர்) ரெண்டையும் கழட்டிட்டுத்தான் சொரண்டணும், இல்லன்னா உதிர்ற கரி போர்குள்ள விழுந்து சுவத்த கீறிரும். ஸ்க்ரூ டிரைவர தொடாதீங்க, பிஸ்டன் அலுமினியம். பனை மட்டைய காயவச்சு உளி மாதிரி சீவிக்கங்க, மண்ணெண்ணெய் தொட்டு பொறுமையா தள்ளுனா தட்டு தட்டா பேந்து வரும், பிஸ்டன் தலையில கீறல் விழாது. ரிங் காடில அடஞ்ச கரிக்கு பழைய ரிங்க ஒடச்சு அந்த முனையால இழுத்தா அளவா சுத்தமாகும். திருப்பி மாட்டும்போது ரிங் வாய் காடிக்குள்ள இருக்குற சின்ன பின்னுல சரியா உக்காந்துருக்கான்னு பாத்துட்டு மாட்டுங்க, வெலகுனா போர்ட்ல மாட்டி ஒடஞ்சு எஞ்சினே போயிரும். சைலன்சர் உள் தட்ட உருவி நெருப்புல காட்டி தட்டுனாலே கரி கொட்டிரும்.

அடுத்து நம்ம ஊருக்குன்னே உள்ள வியாதி, உப்புக் காத்து. மேக்னெட் பக்கம் கிராங்க் தண்டுல துரு ஏறி ஆயில் சீல், அதான் காத்து ஒழுகாம அடைக்கிற ரப்பர் வளையம், அது உதட்ட அறுத்துரும். டூ ஸ்ட்ரோக்குக்கு கிராங்க் தண்டு சுத்துற கூடு, கிராங்க் கேஸே பம்பு மாதிரி, அங்க காத்து ஒழுகுனா பெட்ரோல் கலவை மெலிஞ்சு போயி இழுவையும் இருக்காது, பிஸ்டனும் சூட்டுல பிடிச்சுக்கும். ஆக்சிலேட்டர விட்டதுக்கு அப்பறமும் எஞ்சின் கொஞ்ச நேரம் உய்யுன்னு சுத்திக்கிட்டே இருந்தா சந்தேகப்படுங்க. செக் பண்ண பெரிய மிஷின் வேணாம், பிஸ்டன கீழ எறக்கி வச்சு எக்ஸாஸ்ட் வழியையும் கார்பரேட்டர் மாட்டுற வழியையும் ரப்பர் வச்சு அடச்சுட்டு, பிளக் ஓட்டைல பிபி பாக்குற பல்ப் டியூப கோத்து அந்த மீட்டர்ல முள்ளு 250 வரைக்கும் காத்தடிங்க, முள்ளு சரசரன்னு எறங்குனா ஒழுகுதுன்னு அர்த்தம், சோப்புத் தண்ணி தடவுனா எடம் தெரிஞ்சுரும். மாமா வண்டில இந்த சீல்தான் போயிருந்துச்சு. அப்பறம் பேரல சுத்தி தட்டு தட்டா இருக்குற ஃபின்னுக்குள்ள மீன் தண்ணியும் மண்ணும் சேந்து காஞ்சு சிமெண்ட் மாதிரி அடச்சுருக்கும், அதையும் கழுவி விடுங்க, காத்துல ஆறுற எஞ்சின் அது.

இதெல்லாம் முடிச்ச பெறகுதான் டியூனிங்னு பேசணும். பேரலுக்கும் கேஸ்கெட்டுக்கும் நடுவுல, கார்பரேட்டர் ஜாயிண்டுல, ஓட்டைங்க ஒண்ணுக்கொண்ணு வெலகி படி மாதிரி நிக்கும், அத நைசா அரம் போட்டு சமப்படுத்துங்க, போர்ட் உயரத்த தொடாம. கம்ப்ரஷன் கொஞ்சம் ஏத்துனா கீழ இழுவை நல்லாவே கூடும், 46 மில்லி போர்ல ஹெட்ட அரை மில்லி தேச்சு எறக்குனா கிட்டத்தட்ட 0.8 சிசி எடம் கொறையும், ஆனா அதுக்கு முன்னாடி பிளக் ஓட்டை வழியா ஈயக்கம்பிய போர் ஓரம் வரைக்கும் விட்டு எஞ்சின கையால ஒரு சுத்து சுத்தி, நசுங்குன முனைய வெர்னியர்ல அளந்து பாருங்க. எறக்குன பெறகும் பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் நடுவுல 0.8 மில்லியாச்சும் மிச்சம் இருக்கணும், பத்தலன்னா ஹெட்ட தொடாதீங்க. பின் சக்கரத்து ஸ்ப்ராக்கெட்ல (செயின் ஓடுற பல் சக்கரம்) ரெண்டு பல்லு கூட்டுனா டாப் ஸ்பீடு கொறையும், லோடு வண்டிக்கு அதப்பத்தி கவலையே வேணாம், மேட்டுல வித்தியாசம் உடனே தெரியும்.

கார்பரேட்டர்ல பெட்ரோல அளந்து விடுற ஜெட் விஷயத்துல இப்ப கவனமா இருக்கணும், பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால் வருது, அது கலவைய மெலிய வைக்கும். ஃபுல் ஆக்சிலேட்டர்ல கொஞ்ச தூரம் ஓட்டிட்டு அப்பிடியே ஆஃப் பண்ணி பிளக்க கழட்டுங்க, காப்பித்தூள் கலர்ல இருந்தா சரி, வெளுத்துருந்தா மெயின் ஜெட் ஒரு சைஸ் ஏத்துங்க. எத்தனால் ஈரத்த வேற இழுக்கும், நம்ம ஊரு காத்துல சொல்லவே வேணாம், ஆயில் கலந்து வச்ச பெட்ரோல கேன்ல நாள்கணக்கா வைக்காதீங்க. லிட்டருக்கு 20 மில்லி 2டி ஆயில், புது போர் பிஸ்டன் போட்ட வண்டின்னா ஆரம்பத்துல கொஞ்சம் கூட.

இன்னொண்ணு, பாலத்து மேட்ட தாண்டி எறங்கும்போது நெறையபேரு ஆக்சிலேட்டர சுத்தமா மூடிட்டு வேகமா எறங்குவாங்க. இந்த எஞ்சினுக்கு ஆயில் பெட்ரோலோடதான் வருது, மூடுனா ஆயிலும் ரொம்ப கொறஞ்சுரும், ஆனா பிஸ்டன் அதே வேகத்துல சுத்திக்கிட்டு இருக்கும். எறக்கத்துல அப்பப்ப லேசா ஒரு முறுக்கு குடுத்துக்கிட்டே எறங்குங்க.