பங்கு கட்டியவர் காட்டும் இடம்

ஊருக்கு வேண்டிய வேலைக்கு மக்களும் அரசும் சேர்ந்து பணம் போடும் நமக்கு நாமே திட்டத்தில் செலவில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்ட வேண்டும் என்பது காவிரி டெல்டாவில் ஊராட்சி வேலை பார்க்கும் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பங்கைக் கட்டுகிறவரே வாய்க்கால் பாலம் எங்கே வரும் என்பதையும் முடிவு செய்வார் என்று எந்த அரசாணையிலும் இல்லை. ஆனால் நடப்பது பெரும்பாலும் அதுதான்.

கிராம சபையில் ஒரு நடவு வேலைக்காரப் பெண்மணி இதைத்தான் கேட்டார். "நெலம் இருக்கறவங்க ஏக்கருக்கு இவ்வளவுன்னு போட்டுட்டாங்க சார். நாங்க எதக் கணக்கு வச்சுப் போடுறது?" யார் பணம் கட்டினாலும் பாலம் ஊராட்சியின் சொத்து, எல்லோரும் போகலாம் என்று அவருக்குப் பதில் சொல்லப்பட்டது. சொன்னது நான்தான். "போலாம் சார். சுத்திக்கிட்டுத்தான் போவணும்" என்றார். அதற்குமேல் அவரும் பேசவில்லை, சபையும் அடுத்த தீர்மானத்துக்குப் போய்விட்டது.

இரண்டு இடங்கள் பேச்சில் இருந்தன. ஒன்று களத்துமேட்டுக்கு நேராக. மற்றது வாய்க்காலில் இன்னும் கீழே, ஆதிதிராவிடர் தெருவிலிருந்து சுடுகாட்டுக்கு இறங்கும் துறை. தண்ணீர் ஓடும் மாதங்களில் அந்தத் துறையில் பாடையைத் தூக்கிக்கொண்டு இடுப்பளவு நீரில் இறங்கித்தான் கரையேற வேண்டும். களத்துமேட்டு இடத்துக்கோ பணம் இருந்தது. அதைவிட முக்கியம், அணுகுசாலைக்குத் தேவையான பட்டா நிலத்தை இரண்டு பேர் ஊராட்சிக்குத் தானப்பத்திரம் எழுதித் தரத் தயாராக இருந்தார்கள். கீழ்த்துறையில் எதிர்க்கரை முழுக்கப் பட்டா நிலம். எழுதித் தர ஆள் இல்லை. பாலம் கட்டி முடித்து, அணுகுசாலைக்கு நிலம் கிடைக்காமல் இரண்டு பக்கமும் அந்தரத்தில் நிற்கிற நிலைமை எப்படியிருக்கும் என்று இந்த வேலையில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதனால் களத்துமேட்டைப் பரிந்துரைத்தது சரிதான் என்று இப்போதும் வாதிட முடியும். வாதிட்ட பிறகும் அந்தக் கேள்வி அப்படியே நிற்கிறது.

கணக்கைப் பார்ப்போம். பெட்டி வடிவச் சிறுபாலம் ஒன்றின் மதிப்பீடு 45 லட்சம் என்று வைத்துக்கொண்டால் மக்கள் பங்கு 15 லட்சம். பாசனப் பரப்பு 300 ஏக்கர் என்றால் ஏக்கருக்கு 5,000 ரூபாய். அறுவடை இயந்திரம் நேராக வயலுக்கு இறங்கும், நெல் மூட்டை தலைச்சுமை இல்லாமல் டிராக்டரில் ஏறும் என்றால் நிலக்காரர் இதைக் கட்டிவிடுவார். சுற்றுவழியில் இயந்திரத்துக்குக் கொடுக்கும் கூடுதல் வாடகையே சில போகங்களில் அந்தத் தொகையைத் தாண்டும். ஆதிதிராவிடர் குடியிருப்பு என்றால் பங்கு ஐந்தில் ஒன்றாகக் குறைகிறது. இதே மதிப்பீட்டுக்கு 9 லட்சம். சலுகை நல்ல எண்ணத்தில் தரப்பட்டதுதான். ஆனால் ஏக்கரே இல்லாதவரிடம் 15 லட்சமும் 9 லட்சமும் ஒன்றுதான். பங்கு பாதிக்கு மேல் போனால் கட்டியவரே வேலையை எடுத்துச் செய்யவும் இடமுண்டு. பணம் கூடக்கூட அதிகாரமும் கூடும் வகையில்தான் விதி அமைந்திருக்கிறது.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதோடு எந்த மாதம் வருகிறது என்பதும் டெல்டாவில் பெரிய விஷயம். வெளியூர்ப் பொறியாளர்களுக்கு இது சட்டென்று பிடிபடாது. மேட்டூர் அணை மரபுப்படி ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடப்படுகிறது. கல்லணைக்குத் தண்ணீர் வர மூன்று நான்கு நாள், கடைமடைக்கு இன்னும் சில நாள். வாய்க்காலில் அடித்தளம் தோண்ட நமக்குக் கிடைப்பது பிப்ரவரி முதல் ஜூன் முதல் வாரம் வரைதான். அந்த நாலு மாதத்துக்குள் மண் அணை போட்டுத் தேங்கிய நீரை இறைக்க வேண்டும். களிமண் சரியாமல் சவுக்குக் கட்டை அடித்துப் பலகை கொடுக்க வேண்டும். அதன்பின் அடிக்கான்கிரீட், தளம், சுவர், மேல்தளம், நீரின் போக்கில் மேலும் கீழும் அரிப்புத் தடுப்புச் சுவர். கான்கிரீட் முழு வலுப்பெற 28 நாள் என்பதையும் இதற்குள்ளேயே அடக்க வேண்டும்.

இப்போது விவசாயியின் கையில் பணம் புழங்கும் காலத்தைப் பாருங்கள். சம்பா அறுத்து, நெல் போட்டு, பணம் வருவது மாசி, பங்குனியில். அப்போது பங்குத்தொகை வசூலித்துக் கட்டினால் நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, நீர்வளத்துறையின் தடையின்மைச் சான்று, குறைந்தது 15 நாள் அவகாசத்தோடு ஒப்பந்தப்புள்ளி என்று போய், பணி உத்தரவு கையில் வரும்போது வைகாசி முடிந்திருக்கும். தண்ணீர் வந்துவிடும். வேலை அடுத்த தைக்குத் தள்ளிப்போகும். அதற்குள் புது விலைப்பட்டியல் வந்து மதிப்பீடு ஏறினால், ஏறிய தொகையிலும் மூன்றில் ஒரு பங்கு யார் தருவது என்று பஞ்சாயத்து தொடங்கும். இரண்டாம் வசூலில் பாதிப்பேர் தரமாட்டார்கள். இங்கே கல் கிடையாது. ஜல்லி புதுக்கோட்டைப் பக்கமிருந்து வர வேண்டும். கிழக்கே நாகை நோக்கிப் போகப்போக லாரி வாடகையே மதிப்பீட்டைத் தூக்கிவிடும். அதனால் குறுவை போடும் ஊர்களில் புரட்டாசி, ஐப்பசி அறுவடையில் வசூலை முடித்து, மார்கழிக்குள் ஒப்பந்தம் போட்டுவிட வேண்டும். தடையின்மைச் சான்றுக்கான நீரியல் விவரங்களை, அதாவது படுகை மட்டம், முழுநீர் மட்டம், வெளியேற்ற அளவு ஆகியவற்றை, வசூல் தொடங்கும் முன்பே வாங்கி வைக்க வேண்டும். இதைச் செய்யாமல் திட்டத்தைக் குறை சொல்வது நியாயமில்லை.

கடைசியில் சுருட்டிக் கட்டும் வேலையில் எப்போதும் அடிபடுவது அணுகுசாலைதான். தோண்டிய ஈரக் களிமண்ணையே சுவருக்குப் பின்னால் தள்ளி மூடிவிடுவார்கள். ஒரு மழையில் அது உட்காரும். தளத்துக்கும் சாலைக்கும் நடுவில் படி விழும். டிராக்டர் முன்சக்கரம் ஒவ்வொரு முறையும் அந்த விளிம்பில் இடித்து, கான்கிரீட் உதிர்ந்து கம்பி வெளியே தெரியும். மணலோ கிராவலோ போட்டு 20 சென்டிமீட்டர் அடுக்குகளாக இறுக்கினால் போதும், இந்தச் சிக்கல் வராது. அதற்கான தொகை மதிப்பீட்டில் இருக்கும். ஜூன் வந்துவிட்டால் நேரம்தான் இருக்காது.

பங்குத்தொகைக்கு மாற்று வழி இல்லையா என்றால், உண்டு. வேளாண் வளர்ச்சி வங்கியான நபார்டின் ஊரக உள்கட்டமைப்பு நிதியிலிருந்து பாலத்துக்கு 80 சதவீதம் வரை மாநில அரசு கடன் வாங்கலாம். முதல் இரண்டு ஆண்டு தவணை விடுப்பு உட்பட ஏழு ஆண்டுகளில் அரசே திருப்பிக் கட்டும். ஊரில் யாரும் கைப்பணம் போட வேண்டாம். ஆனால் சின்ன வாய்க்கால் பாலம் தனியாக அந்தப் பட்டியலில் ஏறுவது கடினம். பல ஊர்ப் பாலங்களை ஒரே திட்டமாகக் கட்டி அனுப்ப வேண்டும். பஞ்சாபில் நெல், கோதுமைக்கு வசூலிக்கும் சந்தைக் கட்டணத்திலிருந்து மண்டி வாரியம் இணைப்புச் சாலைகள் போடுகிறது. இங்கே மூட்டைக்கு 2 ரூபாய் என்று வைத்துப் பார்ப்போம். 300 ஏக்கர், ஏக்கருக்கு 40 கிலோ மூட்டை 45 என்றால் ஒரு போகத்துக்கு 13,500 மூட்டை, 27,000 ரூபாய். இதை வைத்துப் பாலம் கட்ட முடியாது. தூர் எடுக்கவும் அணுகுசாலையைச் சரிசெய்யவும் தாராளமாகப் போதும். பராமரிப்புக்கென்று இன்று தனிப்பணமே இல்லாத நிலையில் அது சின்ன விஷயமில்லை. ஆனால் கொள்முதல் நிலையத்தில் இன்னொரு பிடித்தம் என்றாலே கொதிப்பார்கள். அந்தக் கோபத்தில் நியாயமும் இருக்கிறது.

இப்படி எல்லோரிடமும் வசூலிப்பது இந்த மண்ணுக்குப் புதிதும் இல்லை. தஞ்சாவூர் ஜில்லா போர்டு நிலத்தின் மீது ரூபாய்க்கு மூன்று பை (அன்றைய ரூபாயில் 192-ல் ஒரு பங்கு ஒரு பை) வீதம் ரயில்வே வரி போட்டுத்தான் 1894-ல் மாயவரம்–முத்துப்பேட்டை ரயில் பாதையைத் திறந்தது. ஜில்லா முழுக்க நிலக்காரர்கள் கட்டினார்கள், பாதை ஒரு பக்கம்தான் போனது. என் வயலுக்கு நேராக ஸ்டேஷன் வை என்று கட்டியவர் ஒவ்வொருவரும் கேட்க முடியாது. எல்லோரிடமும் வாங்கும் வரிக்கு அந்த நன்மை உண்டு. பங்குத்தொகையில் அது கிடையாது. ஆனால் வரி போடச் சட்டம் வேண்டும், அரசு வேண்டும், ஆண்டுகள் வேண்டும். பங்குத்தொகை கட்ட ஒரு போக நெல் போதும். வந்த பணத்தை வேண்டாம் என்று திருப்பியனுப்பி, கீழ்த்துறைக்குப் பணம் வரும்வரை இரண்டு இடமும் காத்திருக்கட்டும் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சொல்லியிருக்க வேண்டுமோ என்ற எண்ணமும் போகவில்லை.

பெரிய கம்பெனிகள் லாபத்தில் 2 சதவீதம் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்ற சட்டம் இருக்கிறது. கீழ்த்துறையின் 9 லட்சத்தை அந்தக் கணக்கில் கேட்கலாம் என்று கோப்பில் எழுதியாகிவிட்டது. பணம் தரும் கம்பெனியும் தன் லாரி போகும் வழியைத்தான் முதலில் கேட்குமோ என்ற சந்தேகம் எனக்கு உண்டு. அதனால் கடிதத்தில் இடத்தின் புல எண்ணையும் வரைபடத்தையும் முதலிலேயே இணைத்து, தொகையை அதன் பிறகுதான் குறிப்பிட்டிருக்கிறது. எதிர்க்கரைப் பட்டாதாரரிடம் பேச்சு இன்னும் முடியவில்லை.