இனிஷியல் மாறிய பெயருக்கு வந்த நூறு டாலர்

மாடித்தோட்டம் குறித்துத் தமிழில் எழுதிய வலைப்பூவிலிருந்து முதல் விளம்பர வருமானம் என் வங்கிக் கணக்கில் சேர இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் ஆயின. எழுதியதும் வாசகர்களைச் சேர்த்ததும் அதில் ஒரு பகுதிதான். மீதிக் காலம், நான் யார், எங்கே குடியிருக்கிறேன் என்பதை எல்லாத் தாள்களிலும் ஒரே மாதிரி நிறுவுவதில் கழிந்தது. திருமணத்துக்குப் பின் தந்தையின் இனிஷியலை விட்டுக் கணவரின் இனிஷியலை ஏற்றுக்கொண்ட பெண்களுக்கு இந்தச் சிக்கல் வரக்கூடும் என்பதால், நடந்ததை விரிவாக எழுதுகிறேன்.

கூகுளின் ஆட்சென்ஸ் விளம்பரச் சேவை தமிழை அதிகாரப்பூர்வமாக ஏற்றுக்கொண்டது 2018 பிப்ரவரியில்தான். அதற்கு முன்பு ஆங்கிலத்தில் பத்துப் பதினைந்து பதிவுகளை எழுதி அனுமதி வாங்கிவிட்டு, பிறகு தமிழுக்கு மாறிக்கொண்டவர்கள் உண்டு. எனக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. அறிவிப்பு வந்த பிறகே விண்ணப்பித்தேன். இரண்டு முறை மறுப்பு வந்தது. தவறு முழுவதும் என்னுடையது: செம்பருத்தியையும் கத்தரியையும் பற்றி எழுதிவிட்டு, படங்களை இணையத்தில் தேடி எடுத்து ஒட்டியிருந்தேன், பதிவுகள் பலவும் ஐந்தாறு வரிகளைத் தாண்டவில்லை, எழுதுவது யார் என்று சொல்லும் பக்கமும் தனியுரிமைக் கொள்கைப் பக்கமும் இல்லை. ஆறு மாதங்கள் உட்கார்ந்து எல்லாவற்றையும் திருத்தி எழுதினேன். மாவுப்பூச்சி தாக்கிய என் செம்பருத்திச் செடியை, வேப்பெண்ணெயும் காதி சோப்பும் கலந்த கரைசல் தெளித்த முதல் நாளிலிருந்து இருபதாம் நாள் வரை நானே படமெடுத்துப் போட்ட பதிவுதான் இன்றுவரை அதிகமாக வாசிக்கப்படுகிறது. 2019 தொடக்கத்தில் அனுமதி கிடைத்தது.

விளம்பரதாரர் தரும் தொகையில் 68 விழுக்காடு எழுதுபவருக்கு என்பது அன்றைய விதி. கேட்பதற்குத் தாராளமாகத் தோன்றும் இந்தப் பங்கு, தமிழ்ப் பக்கங்களுக்குக் கிடைக்கும் விளம்பரங்களின் விலை குறைவு என்பதால், நாள் முடிவில் சில சென்டுகளாகவே கணக்கில் தெரியும். அதைப் பார்த்துப் பரிதாபப்பட்ட என் தம்பி, "அக்கா, எங்க ஆபீஸ்ல எல்லாரையும் தினம் ஒரு கிளிக் பண்ணச் சொல்லட்டுமா?" என்றான். அப்படிச் செய்தால் அவை போலிச் சொடுக்குகளாகக் கண்டறியப்பட்டுக் கணக்கே முடக்கப்படலாம் என்று விளக்கி, அவனையும் அவனுடைய நண்பர்களையும் என் வலைப்பூப் பக்கமே வர வேண்டாம் என்று தடுப்பது, அனுமதி வாங்குவதைவிடக் கடினமாக இருந்தது.

வருமானம் பத்து டாலரைத் தொட்டதும், நாம் கொடுத்த முகவரிக்கு ஆறு இலக்கச் சரிபார்ப்பு எண் ஒன்றைச் சாதாரணக் கடிதத்தில் அனுப்புகிறார்கள். அது பதிவுத் தபால் அல்ல. எங்கே வந்துகொண்டிருக்கிறது என்று பார்க்க வழியில்லை. முதல் கடிதம் கிளம்பியதிலிருந்து நான்கு மாதங்களுக்குள் அந்த எண்ணைப் பதியாவிட்டால் விளம்பரங்கள் நின்றுவிடும். எங்கள் தெருவில் ஒவ்வொரு வீட்டுக்கும் பழைய எண், புதிய எண் என இரண்டு உண்டு. நான் புதிய எண்ணை மட்டும் எழுதியிருந்தேன். தபால்காரர் உட்படத் தெருவில் யாருமே அந்த எண்ணைப் பயன்படுத்துவதில்லை என்பது முதல் கடிதம் வராதபோதுதான் புரிந்தது. பெயரிலும் குழப்பம் இருந்தது: பான் அட்டையில் உள்ளபடி தந்தையின் பெயரோடு பதிந்திருந்தேன், தெருவிலோ என்னைக் கணவரின் இனிஷியலோடுதான் தெரியும். இரண்டாவது கடிதத்துக்கு விண்ணப்பிக்கும்போது இரண்டு எண்களையும் அருகிலுள்ள பிள்ளையார் கோயிலையும் சேர்த்து எழுதியதோடு, தபால்காரரைப் பார்த்து, "அண்ணாச்சி, இந்தப் பெயரில் வெளியூர்க் கடிதம் வந்தால் அது நான்தான்" என்று சொல்லியும் வைத்தேன். மூன்றாவது வாரம் கடிதம் வந்தது.

பிறகு வங்கி. வெளிநாட்டுப் பணம் நேரடியாகக் கணக்குக்கு வர ஸ்விஃப்ட் குறியீடு வேண்டும். நாம் அன்றாடம் பயன்படுத்தும் ஐஎஃப்எஸ்சி குறியீடு வேறு, இது வேறு. சிற்றூர்க் கிளைகள் பலவற்றுக்குத் தனியாக ஸ்விஃப்ட் குறியீடு இருக்காது. அந்நியச் செலாவணியைக் கையாளும் பெரிய கிளையின் குறியீட்டைக் கேட்டு வாங்கிப் பதிய வேண்டும். அதை முறையாகவே செய்தேன். 2020 ஊரடங்கில் வீட்டில் அடைந்து கிடந்தவர்கள் எல்லாரும் மாடியில் தொட்டி வைக்கத் தொடங்கியதால் வாசிப்பு பெருகி, கோடை முடியும்போது கணக்கு, பணம் அனுப்பப்படத் தேவையான நூறு டாலரைத் தாண்டியது. மாதத்தின் 21க்கும் 26க்கும் இடையில் பணம் அனுப்பப்படும் என்பதால் ஆகஸ்ட் 21 காலையிலிருந்தே கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அனுப்பிய பணம் திரும்பிப் போனது.

காரணம் ஓர் எழுத்து. வங்கிக் கணக்கு திருமணத்துக்குப் பின் கணவரின் இனிஷியலோடு தொடங்கியது. பணமோ தந்தையின் பெயர் விரிந்து நிற்கும் பெயருக்கு வந்தது. ஆட்சென்ஸில் பெயரை மாற்றலாமா, வங்கியில் மாற்றலாமா என்று யோசித்து வங்கியிலேயே மாற்ற முடிவு செய்தேன். வருமான வரிக்குப் பான் அட்டைப் பெயர்தான் நிற்கும் என்பதால் அதுவே சரியான முடிவு என்று இப்போதும் நினைக்கிறேன். பான், ஆதார், திருமணச் சான்று மூன்றின் நகல்களோடு மூன்று முறை நடந்த பிறகு, அடுத்த சுற்றில் பணம் வந்தது. எதற்கான பணம் என்று கேட்டு வங்கி ஒரு படிவம் தந்தது. விளம்பர வருமானத்துக்கு உரிய ரிசர்வ் வங்கியின் நோக்கக் குறியீடு பி1007. டாலருக்கு 73 ரூபாயை ஒட்டிய கணக்கில், வங்கிக் கட்டணமும் நாணய மாற்றத்துக்கான 45 ரூபாய் ஜிஎஸ்டியும் போக மீதி கிடைத்தது.

அடுத்துத் தொடங்கிய யூடியூப் சேனல், விளம்பர வருமானத்துக்குத் தேவையான ஆயிரம் சந்தாதாரர்களையும் ஓராண்டுக்குள் நாலாயிரம் மணி நேரப் பார்வையையும் எட்டியபோது, அமெரிக்க வரிப் படிவத்திலும் அதே பான் பெயரை எழுதினேன். அமெரிக்காவிலுள்ள தமிழர்கள் பார்ப்பதால் கிடைக்கும் பங்கில் மட்டும், இரு நாட்டு வரி ஒப்பந்தப்படி 15 விழுக்காடு பிடிக்கிறார்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, விளம்பரங்களைவிட நிறுவனங்களின் நேரடி அழைப்பே பெரிது. ஓர் உரத் தயாரிப்பாளர், இரண்டு மாத ஆட்சென்ஸ் வருமானத்தை ஒரே இன்ஸ்டாகிராம் பதிவுக்குத் தருவதாகச் சொன்னார். கட்டணம் பெற்றதைச் சொல்லக் கூடாது என்பது நிபந்தனை. விளம்பரத் தர மன்றமான ஆஸ்கியின் 2021 வழிகாட்டுதலின்படி அப்படி மறைக்க முடியாது என்றேன். பேச்சு அத்துடன் நின்றது. பிறகு வந்தவர்களில் "விளம்பரம்" என்று மேலே எழுத ஒப்புக்கொண்டவர்களோடு மட்டும் வேலை செய்கிறேன். அவர்கள் பொருளாகத் தருவது ஆண்டுக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் அதற்கும் பத்து விழுக்காடு வரிப் பிடித்தம் உண்டு என்பதை, மாவரைக்கும் இயந்திரம் ஒன்று பரிசாக வந்தபோதுதான் தெரிந்துகொண்டேன்.

ஆண்டுதோறும் ஆடிட்டர் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "தொழில் என்று எதை எழுதலாம், அம்மா?" என்பதுதான். ஒருமுறை எழுத்தாளர் என்று போட்டார், இன்னொரு முறை விளம்பரம் என்று போட்டார். 2025இல் சமூக ஊடகச் செல்வாக்காளர்களுக்கென்றே 16021 என்ற குறியீடு வருமான வரிப் படிவத்தில் வந்துவிட்டதாகத் திரையைக் காட்டினார். நான் அதற்கு மேலிருந்த பெயரைத்தான் முதலில் சரிபார்த்தேன்.