முகம் எங்கேடா?

நிழலுருவப் படம் எடுக்கக் கொஞ்சமும் தோதுப்படாத ஆட்கள் யாரென்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: எங்கள் அத்தையும் மாமாவும். போன வாரம் சென்னை வியாசர்பாடியிலிருந்து ரங்கூனுக்கு, எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினார்கள். இறங்கிய மறுநாளே இங்கே இருக்கிற பெரிய பொன் பகோடாவான ஸ்வேடகோன் போக வேண்டும், அதுவும் ராத்திரியில்தான் பார்க்க வேண்டும் என்று அத்தை ஒற்றைக்காலில் நின்றார். சரி, நமக்கும் ஒரு சாக்கு கிடைத்தது என்று பழைய கேமராவைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டேன்.

மழை விட்ட ராத்திரியில் அந்த மேடையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பளிங்குத் தரை முழுக்க ஈரம். மேலே ஒரு பொன் கோபுரம், காலடியில் தலைகீழாக இன்னொன்று. இருட்டாக இருக்கிற ஒரு மண்டபத்துக்குள் போய் நின்று, கோபுரத்தின் வெளிச்சத்துக்கு அளவு வைத்தால் போதும். குறுக்கே நடக்கிற ஆட்களெல்லாம் கறுப்பு உருவமாக விழுவார்கள். நமக்கு வேலையே இல்லை.

இந்த விவரத்தை நான் வீட்டிலேயே சொல்லவில்லை என்று இப்போது மூன்று பேரும் சேர்ந்து குற்றம் சாட்டுகிறார்கள். சொன்னேன். காதில் வாங்க யாருக்கு நேரம்? அத்தை கல்லுக்கு முன்னால் உட்கார்ந்து, பர்மாக்காரர்கள் சந்தனம் மாதிரி அரைத்து முகத்தில் பூசுகிற தனக்கா கட்டையை உரசிக்கொண்டிருந்தார். என் மனைவி சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு கன்னத்திலும் இலை மாதிரி வரைந்து, அது காயும்வரை வாயைத் திறக்காமல் இருந்து (மாமா அந்த அரைமணி நேரத்தை இன்னமும் சிலாகிக்கிறார்), காஞ்சிபுரம் பட்டு கட்டி, வளையல் மாற்றி, கிளம்பும்போது மணி ஏழு.

வாசலில் முதல் வழக்கு. வெளிநாட்டுக்காரர்களுக்கு டிக்கெட் உண்டு, உள்ளூர்க்காரர்களுக்குக் கிடையாது. "நான் பொறந்த ஊருல எனக்கே டிக்கெட்டா?" என்று அத்தை பர்மியப் பேச்சில் ஆரம்பித்தார். 1964-ல் கடைகளையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்டு நம் சனங்கள் கப்பலேறிய நேரத்தில் அத்தைக்குப் பத்து வயது. அந்தப் பத்து வயதுப் பேச்சு அப்படியே இருக்கிறது. எழுபது வயதுப் பட்டுப்புடவை ஒன்று சின்னப்பிள்ளை மாதிரிப் பேசியதைக் கேட்டு டிக்கெட் கொடுக்கும் பையன் எழுந்து நின்றே சிரித்தான். சிரித்துவிட்டு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தான்.

அடுத்தது மாமாவின் சாக்ஸ். செருப்பு மட்டுமல்ல, சாக்ஸும் ஆகாது. சர்க்கரைக்காரர்கள் வெறுங்காலோடு நடக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். "அந்த டாக்டர் புத்தரை விடப் பெரிய ஆளா?" என்று அத்தை கேட்டதோடு அது முடிந்தது.

மேலே போனதும் படம் எடுக்கலாம் என்று பார்த்தால் இரண்டு பேரும் ஆளுக்கொரு திசை. கோபுர உச்சியில் 76 காரட் வைரம் இருக்கிறதல்லவா, தரையில் அதற்கென்று சில இடங்கள் உண்டு. அங்கே நின்று அண்ணாந்து பார்த்து, ஓரடி நகர்ந்தால் வைரம் நிறம் மாறும். மாமாவைக் கொண்டுபோய் நிறுத்தினேன். போன மாசம்தான் கண்புரை ஆபரேஷன். "எனக்கு எங்க நின்னாலும் எல்லா கலரும் தெரியுதே" என்று இடத்தை விட்டு நகரவில்லை. பின்னால் வரிசை கட்டிவிட்டது.

அத்தையின் சிக்கல் வேறு. பிறந்த கிழமைக்கு ஒரு மூலை, அங்கே போய்த் தண்ணீர் ஊற்ற வேண்டும். அத்தை புதன்கிழமை. இங்கே புதனுக்கு மட்டும் இரண்டு மூலை: காலையில் பிறந்தவர்களுக்குத் தெற்கே கொம்பன் யானை, மத்தியானத்துக்கு மேல் பிறந்தவர்களுக்கு வடமேற்கே கொம்பில்லாத யானை. காலையா சாயங்காலமா என்று தெரிந்த ஒரே ஆள் அத்தையின் அம்மா, எங்கள் அப்பாயி. அப்பாயி போய்ச் சேர்ந்து எத்தனையோ காலமாகிவிட்டது. "எதுக்கும் இருக்கட்டும்" என்று அத்தை இரண்டு யானைக்கும் ஊற்றினார், வயசுக்கு ஒரு கிண்ணம் வீதம். அன்றைக்கு மழை வேறு பெய்திருந்தது. அந்த யானைகளுக்குச் சளி பிடித்திருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன்.

இவர்கள் சுற்றிவரும் நேரத்தில் நான் மண்டபத்துக்குள் நின்று எடுத்துத் தள்ளினேன். குடை பிடித்த ஒருவர், பிக்குகள், குழந்தையைத் தோளில் தூக்கிய ஒரு அப்பா. விளக்குமாற்றோடு வரிசையாகத் தரையைப் பெருக்கி வரும் தொண்டு செய்கிற பெண்கள். கடைசியில் நம் ஆட்களையும் நிற்கவைத்து எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து டிவியில் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் அத்தை கேட்டார்: "முகம் எங்கேடா?"

இது இப்படித்தான் அத்தை, வெளிச்சம் பின்னால இருக்கு என்றேன். "அப்போ எங்கள அந்தப் பக்கம் நிக்க வச்சிருக்க வேண்டியதுதானே? இதுக்கா சாயங்காலம் பூரா கட்டைய உரசினேன்?" என் மனைவி அத்தை பக்கம் சாய்ந்துவிட்டாள், தண்ணீர் விட்டவள் அல்லவா. இதில் நான் எது என்று மாமா கேட்டார். தொப்பை உள்ள உருவத்தைக் காட்டினேன். அது நானில்லை என்றார். பொறுமையாகத் தேடி, குடை பிடித்து நிமிர்ந்து நடக்கிற ஒல்லியான ஆளைக் காட்டி "இது" என்றார். மாமா அன்றைக்குக் குடையே எடுத்துவரவில்லை.

பெருக்கும் பெண்களின் படம் வந்தது. "நிறுத்து. அந்தக் கடைசி ஆளைப் பெரிசாக்கு" என்றார் அத்தை. பெரிதாக்கினேன். உச்சிக்கொண்டை, இடுப்பில் ஒரு கை, விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு சற்றே கூன் போட்ட நிலை.

"அம்மா இப்பிடித்தான் நிப்பா."

அப்பாயிக்கு இருந்தது ஒரே ஒரு போட்டோ. 2008-ல் நர்கிஸ் புயல் கூரையோடு சேர்த்து அதையும் கொண்டுபோய்விட்டது. நான் அவசரப்பட்டு, கொஞ்சம் வெளிச்சம் ஏற்றினால் முகம்கூடத் தெரியவரும் அத்தை என்றேன். "வேணாம், அப்படியே இருக்கட்டும்" என்றார்.

பிரிண்ட் போடக் கொடுத்தேன். இருட்டாக இருக்கிறதே என்று கடைப் பையன் தானாகவே வெளிச்சம் ஏற்றி வைத்திருந்தான். யாரோ ஒரு பர்மிய அம்மா, மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு கொட்டாவி விடுகிறார். அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, மறுபடியும் காசு கொடுத்துக் கறுப்பாகவே போட்டு வாங்கினேன். அத்தை அதைப் பட்டுப்புடவை மடிப்புக்குள் வைத்துப் பெட்டியில் பத்திரப்படுத்திவிட்டார்.

குடைக்காரர் படத்தை மாமா குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டிருக்கிறார். இளைத்துவிட்டீர்களே, சர்க்கரை குறைந்துவிட்டதா என்று வியாசர்பாடியே விசாரிக்கிறது. எல்லாருக்கும் தனித்தனியாகக் கைகூப்பி நன்றி போடுகிறார். படம் எடுத்தது யார் என்று இதுவரை ஒரு வார்த்தை இல்லை.